உரிமை அமைப்புக்குள் நிறம் பார்க்கும் பழக்கம்: எந்தக் காகிதத்தில் தெரியும், புகாரை எப்படி எழுதுவது

அமெரிக்காவில் இன நீதிக்காக இயங்கும் ஓர் அமைப்பு தன் சொந்த ஊழியர்களை நிறம் பார்த்து நடத்துகிறதா என்று அறிய, அதன் கொள்கை அறிக்கையைப் படித்துப் பயனில்லை. அது எல்லா இடத்திலும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். யாருக்கு என்ன சம்பளம், பதவி உயர்வுக்கு யார் எத்தனை மாதம் காத்திருந்தார், வாரியத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், புகார் கொடுத்தவர் ஒரு வருடம் கழித்து எங்கே இருக்கிறார் என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் மனத்துக்குள் இருப்பதை நிரூபிக்க முடியாது. இவை நான்கும் காகிதத்தில் இருப்பவை, ஆகவே நிரூபிக்க முடியும்.

அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் 1971-ல் தொடங்கிய சதர்ன் பாவர்ட்டி லா சென்டர், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் குழுக்களை நீதிமன்றத்துக்கு இழுத்துப் பெயர் பெற்றது. அங்கே வேலை பார்த்த கறுப்பினத்தவர்கள் பாகுபாட்டைப் பற்றிப் பேசியதை அந்த ஊர் நாளிதழ் மான்ட்கோமரி அட்வர்டைசர் 1994-லேயே தொடராக எழுதிவிட்டது. அந்தத் தொடர் மறு ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்று வரை போனது. அமைப்பு மறுத்தது, நன்கொடைகள் தொடர்ந்து வந்தன. 2019 மார்ச்சில்தான் நிறுவனர் மோரிஸ் டீஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தொடர்ந்து தலைவர் ரிச்சர்ட் கோஹனும் விலகினார். இன, பாலினப் பாகுபாடு பற்றி ஊழியர்கள் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்கள் அப்போது வெளியே தெரிந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். இடையில் 25 ஆண்டுகள். நல்ல காரியம் செய்யும் இடம் என்ற நம்பிக்கை வெளியாட்களின் கண்ணை அவ்வளவு காலம் கட்டிப்போட்டது. உள்ளே இருந்தவர்களுக்கோ, பேசினால் காரியம் கெட்டுவிடுமோ என்ற பயம்.

இது புதிய வழக்கமும் அல்ல. 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம் நடந்தபோது, கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்றார்கள். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அதை ஏற்காமல் இல்லினாய் மாநில அணியின் நடுவில் போய் நடந்தார். கறுப்பினத்தவர் உரிமைக்காக 1909-ல் தோன்றிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் முதல் தலைவர் மூர்ஃபீல்ட் ஸ்டோரி என்ற வெள்ளையர். அன்றாட நிர்வாகம் 1920-ல் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனிடம் வந்துவிட்டபோதும், தலைவர் பதவி 1970-களின் நடுப்பகுதி வரை வெள்ளையர்களிடமே இருந்தது. 1942-ல் அரசு ஆணையிட்டு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, ஏ.சி.எல்.யூ. என்ற குடிசார் உரிமைச் சங்கத்தின் தேசிய வாரியம் அந்த ஆணையின் அடிப்படையையே எதிர்த்து வழக்காட வேண்டாம் என்று முடிவு செய்தது. வட கலிபோர்னியக் கிளைதான் அடங்க மறுத்து அந்த ஆணைக்குப் பணிய மறுத்துக் கைதான கோரமட்சுவின் வழக்கை நடத்தியது. 1990-ல் நியூ மெக்சிகோவின் சவுத்வெஸ்ட் ஆர்கனைசிங் புராஜெக்ட், பத்துப் பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் வாரியங்களிலும் பணியாளர்களிலும் எங்கள் மக்கள் ஏன் இல்லை என்று நேரடியாகக் கேட்டது. பின்னால் வா, தலைமை எங்களிடம் இருக்கட்டும், இப்போது அதைப் பேசாதே: இந்த மூன்று சொற்களும் இன்றும் அலுவலகங்களில் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லப்படுகின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கும், வேலையில் சேருமுன் விசாரிப்பவருக்கும் கையில் கிடைக்கும் முதல் ஆவணம் ஃபார்ம் 990. வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தரும் கணக்கு இது. யார் கேட்டாலும் கடைசி மூன்று ஆண்டுகளின் பிரதியைக் காட்ட வேண்டும் என்பது சட்டம், இணையத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்டு வரவு 2,00,000 டாலருக்கும் சொத்து 5,00,000 டாலருக்கும் கீழே இருந்தால் சுருக்கப் படிவம் போதும், அதில் தகவல் குறைவு. முழுப் படிவத்தில் ஏழாம் பகுதியை முதலில் திறந்து பாருங்கள். வாரியத்தினர், அதிகாரிகள், முக்கிய ஊழியர்கள், அவர்களுக்கு அடுத்து 1,00,000 டாலருக்கு மேல் வாங்கும் முதல் ஐந்து பேர் எல்லோரும் பெயரோடும் தொகையோடும் இருப்பார்கள். இனம் அதில் இருக்காது. அமைப்பு தானே வெளியிட்டிருக்கும் தலைமைக் குழுப் பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் ஓரளவு புரிந்துகொள்ள முடியும். படத்தையும் பெயரையும் வைத்து ஒருவரின் இனத்தை ஊகிப்பதில் தவறு நேரும். அதனால் இந்த ஒப்பீட்டைக் கேள்வி கேட்பதற்கான தொடக்கமாக மட்டும் வையுங்கள்.

இங்கே பலரும் தவறவிடும் ஓர் இடம் உண்டு. இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும்: கல்விப் பணிக்கு ஒன்று, அரசியல் பரப்புரைக்கு இன்னொன்று. ஒரே மனிதருக்கு இரண்டும் சம்பளம் கொடுக்கும். ஏழாம் பகுதியில் தொடர்புடைய அமைப்பு தந்த தொகைக்குத் தனிப் பத்தி இருக்கிறது. அதைக் கூட்டாமல் விட்டால் இயக்குநரின் சம்பளம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். அதே படிவத்தோடு இணையும் அட்டவணை ஜே-யில் போனஸ் தனியாகவும், யாருக்காவது விலகல் தொகை தரப்பட்டதா என்ற கேள்வி தனியாகவும் வரும். ஒன்பதாம் பகுதியின் சட்டச் செலவு வரி முந்தைய ஆண்டைவிடத் திடீரென ஏறியிருந்தால் காரணத்தைத் தேடுங்கள். அது வெளி வழக்குக்கான செலவாகவும் இருக்கலாம், அதனால் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். ஐந்தாம் பகுதியில் அந்த ஆண்டு எத்தனை பேருக்குச் சம்பளப் படிவம் கொடுக்கப்பட்டது என்ற எண் இருக்கும். அமைப்பில் வேலை செய்பவர்கள் 60 பேர், படிவம் போனது 110 பேருக்கு என்றால், ஆட்கள் வந்து வந்து போகிறார்கள். வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டும் தற்காலிகப் பணியாளர்கள் இருந்தாலும் எண் ஏறும், அதைக் கழித்துப் பாருங்கள். ஆறாம் பகுதியில் முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் கொள்கை உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டிருப்பார்கள். வேலைக்கு முன்பான நேர்காணலில் அந்தக் கொள்கையின் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

உள்ளே இருப்பவர் செய்யக்கூடிய கணக்கு இன்னும் கூர்மையானது. ஒரு தாளில் பதவி, ஊதியப் படி (அந்தப் பதவிக்கான குறைந்தபட்ச, அதிகபட்சச் சம்பள எல்லை), சேர்ந்த தேதி, சேர்ந்தபோது சம்பளம், இப்போதைய சம்பளம், கடைசிப் பதவி உயர்வின் தேதி, மேலாளர் ஆகியவற்றைப் பத்திகளாகப் போடுங்கள். இனம் என்ற பத்தியில் அவரவர் தாமே சொன்னதை மட்டும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் ஊதியப் படிக்குள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்: சம்பளத்திலிருந்து படியின் அடித்தொகையைக் கழித்து, படியின் மொத்த அகலத்தால் வகுக்க வேண்டும். படி 68,000 முதல் 92,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 86,000-ல் சேர்ந்தவர் 75 விழுக்காட்டில் நிற்கிறார், 71,000-ல் சேர்ந்தவர் 12.5 விழுக்காட்டில். இருவரும் ஒரே படியில்தான் இருக்கிறார்கள் என்று நிர்வாகம் சொல்வது உண்மையே. ஆனால் இருவருக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு என ஒரே உயர்வு கொடுத்தாலும், 15,000 டாலர் இடைவெளி ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 17,400 ஆகிவிடும். இதற்கு வேர் பெரும்பாலும் முதல் நாளில் இருக்கிறது: முந்தைய வேலையின் சம்பளத்தைக் கேட்டு அதன் மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது. முந்தைய இடத்தில் குறைத்துக் கொடுக்கப்பட்டவருக்கு அந்தக் குறை இங்கேயும் கூடவே வருகிறது.

சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியர்களோடு பேசுவது, மேற்பார்வைப் பதவியில் இல்லாத பெரும்பாலான தனியார் துறை ஊழியர்களுக்குத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தரும் உரிமை. பேசக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. மேலாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே உங்கள் பதவி எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கை வெளியே பகிரும்போது ஒரு குழுவில் ஐந்து பேருக்குக் கீழே இருந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சம்பளத்தைவிட நுட்பமாக நடப்பது வேலைப் பங்கீடு. உரிமை அமைப்புகளில் அதிகாரம் நன்கொடையாளரிடமிருந்து வருகிறது. ஃபவுண்டேஷன் அதிகாரியோடு யார் உட்கார்ந்து பேசுகிறாரோ அவர்தான் அடுத்த இயக்குநர். கடந்த 12 மாத நாட்காட்டியை எடுத்து, நன்கொடையாளர் சந்திப்புகளில் யார் இருந்தார், யார் பேசினார் என்று எண்ணுங்கள். அறிக்கைகளில் யார் பெயர் முதலில் வந்தது, நாடாளுமன்றக் குழு முன் யார் சாட்சி சொன்னார் என்றும் பாருங்கள். மறுபக்கம் கூட்டத்துக்கு ஆள் திரட்டியவர், வண்டி ஏற்பாடு செய்தவர், மொழிபெயர்த்தவர் யார்? கறுப்பின, லத்தீன், ஆசிய ஊழியர்கள் மக்கள் தொடர்பிலும் வெள்ளையர்கள் கொள்கை, நிதி, சட்டப் பிரிவுகளிலும் குவிந்திருந்தால், பதவி உயர்வில் ஏற்படும் இடைவெளி அங்கேயே முளைக்கிறது. இரண்டு மொழி தெரிந்தவரைச் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவது இன்னொரு வழக்கம். அந்த வேலை பதவி விவரத்தில் எழுத்தில் ஏற வேண்டும், அதற்குத் தனித்தொகை வேண்டும். உள் அமைப்பின் பன்முகத்தன்மைக் குழுவும் அப்படித்தான். அந்தக் குழுவின் வேலையை யார் செய்கிறார், அதற்காக அவருடைய வழக்கமான வேலையிலிருந்து எத்தனை மணி நேரம் குறைக்கப்பட்டது என்று கேளுங்கள். குறைக்கப்படவில்லை என்றால் பாகுபாட்டைச் சரிசெய்யும் சுமையும் அதனால் அடிபடுகிறவர் தலையில்தான்.

‘பொறுப்பு இயக்குநர்’, ‘இடைக்கால’ என்ற முன்னொட்டுகளையும் கவனியுங்கள். எல்லா பேக்கர் என்ற கறுப்பினப் பெண் 1950-களின் இறுதியில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பான தெற்குக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் அலுவலகத்தைக் கட்டி நடத்தினார், ஆனாலும் நிரந்தர நிர்வாக இயக்குநர் பதவி அவருக்குத் தரப்படவில்லை. பெண் என்பது அங்கே காரணமானது. இனத்தின் பேரால் நடக்கும்போதும் வடிவம் இதேதான்: முழுப் பொறுப்பு, அரைப் பதவி, பழைய சம்பளம். ஆறு மாதத்துக்கு மேல் இடைக்காலமாக இருப்பவர்களின் பட்டியல் ஒன்று போடுங்கள்.

வாரியத்தைப் பற்றி ஓர் எண் போதும். வாரியங்களைப் பற்றி ஆராயும் போர்டுசோர்ஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க இலாப நோக்கற்ற அமைப்புகளில் 27 விழுக்காட்டின் வாரியங்கள் முழுக்க வெள்ளையர்களால் ஆனவை. இன்று பலரும் ‘நிறத்தவர்’ என்ற ஒரே கூடையில் எல்லோரையும் போட்டு எண் காட்டுகிறார்கள். பிரித்துக் கேளுங்கள்: கறுப்பினத்தவர் எத்தனை, பூர்வகுடியினர் எத்தனை, லத்தீன் எத்தனை, தெற்காசியர் எத்தனை? 40 விழுக்காடு நிறத்தவர் என்று பெருமைப்படும் இடத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்க முடியும். இந்த இடத்தில் தெற்காசியர்களாகிய நாம் நம்மையும் பார்த்தாக வேண்டும். பன்முகத்தன்மைக் கணக்கில் நம் பெயர் ஏறுகிறது. அப்படி ஏறியவர்களில் பலர் வெள்ளையரின் நிறவெறியைப் பற்றி மேடையில் பேசிவிட்டு, சாதி என்ற சொல் வந்ததும் அது இந்த நாட்டுப் பிரச்சினை இல்லை என்கிறார்கள். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வந்த கலிபோர்னியாவின் எஸ்.பி. 403 மசோதாவை ஆளுநர் மறுத்து அனுப்பினார். அந்த விவாதத்தில் எதிர்ப்புக் குரல்கள் நம்மவர்களிடமிருந்தும் வந்தன. உங்கள் அமைப்பின் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இனி புகார். முதல் பிழை சொல்லில் நடக்கிறது. ‘என்னை நியாயமாக நடத்தவில்லை’, ‘சூழல் நச்சாக இருக்கிறது’ என்று எழுதினால் சட்டப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். பழிவாங்கலிலிருந்து காக்கும் விதி, இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பேசியவரைக் காக்கிறது. எனவே ‘என் இனத்தின் காரணமாக’ என்ற சொற்கள் கடிதத்தில் நேரடியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். தேதி, இடம், சொல்லப்பட்ட வார்த்தைகள் அப்படியே, உடனிருந்தவர்கள், அதே நிலையில் வேறு இனத்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்ற ஓர் ஒப்பீடு, நீங்கள் கேட்கும் தீர்வு, பதிலுக்குப் பத்து வேலைநாள் கெடு. முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். கூட்டாகக் கேட்பதற்குத் தொழிலாளர் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது.

இரண்டாம் பிழை நாள் கணக்கில் நடக்கிறது, இதில் தோற்றவர்களே அதிகம். 1964 குடிசார் உரிமைச் சட்டத்தில் வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் தலைப்பின்கீழ் ஈ.ஈ.ஓ.சி. எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் பதிய வேண்டும். மாநிலத்திலோ நகரத்திலோ அதற்கான துறை இருந்தால் 300 நாள். அமைப்புக்குள் விசாரணை நடக்கிறது என்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. ‘வாரியம் அடுத்த மாதம் கூடுகிறது, பொறுத்திருங்கள்’ என்று நல்லெண்ணத்தோடு சொன்னாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சம்பள வேறுபாட்டுக்கு மட்டும் 2009-ன் லில்லி லெட்பெட்டர் சட்டத்தால் ஒவ்வொரு சம்பளக் காசோலைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும். வழக்குத் தொடர ஆணையத்தின் அனுமதிக் கடிதம் கிடைத்தபின் 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்.

ஏழாம் தலைப்பு 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்துக்கே பொருந்தும். சிறிய உரிமை அமைப்புகள் பல அதற்குக் கீழே இருக்கின்றன. அங்கே 1866-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் பிரிவு 1981 (இது பிரிவின் எண், ஆண்டு அல்ல) கைகொடுக்கும்: ஊழியர் எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு இல்லை, ஆணையத்துக்குப் போக வேண்டியதில்லை, வேலையில் நடந்த பாகுபாட்டுக்கு நான்கு ஆண்டு அவகாசம். ‘சமூக ஆலோசகர்’ என்று ஒப்பந்தத்தில் வைக்கப்பட்டவர்களும் இதில் வழக்காடலாம். ஆனால் இனம் இல்லாவிட்டால் இப்படி நடந்திருக்காது என்று காட்ட வேண்டும் என 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் ஒப்பீட்டுத் தாள் அவ்வளவு முக்கியம். கலிபோர்னியாவில் மாநிலச் சட்டம் 5 ஊழியர்களிலிருந்தே பொருந்தும். நியூயார்க் மாநிலத்தில் எண்ணிக்கை வரம்பே கிடையாது.

ஆதாரம் சேர்ப்பதில் ஓர் எச்சரிக்கை. அலுவலகக் கோப்புகளை மொத்தமாகச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். பிறகு கண்டுபிடித்து, அதையே வேலைநீக்கத்துக்குக் காரணமாகக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். நடந்த அன்றே சொந்த நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். உரையாடலைப் பதிவு செய்வதற்கு முன் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியா போன்ற இடங்களில் தனிப்பட்ட உரையாடலுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

புகார் போன பிறகு வரும் அழுத்தம் இந்தத் துறைக்கே உரியது. ‘இது வெளியே போனால் எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள்’ என்பார்கள். அப்படிச் சொல்பவர் உண்மையாகவே பயப்படலாம். ஆணையத்தில் பதியும் புகாரை ஆணையம் பொதுவில் வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதை அமைதியாக எடுத்துச் சொன்னால் போதும். அடுத்து, வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக் காயத்தை ஆற்றுவோம் என்பார்கள். அந்த முறை மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நடந்தது என்ன என்று எழுத்தில் முடிவாகும் முன்பு, மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரும் சமமாக உட்கார முடியாது. வருத்தத்தைச் சொன்னவர் மறுபடியும் காயப்பட்டுத் திரும்புகிறார், அங்கே சொன்ன சொல் பிறகு அவருக்கு எதிராகவே வருகிறது. விசாரணை முதலில், வட்டம் பிறகு என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளி விசாரணையாளர் வந்தால், பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை இருக்கின்றன. அவரை நியமித்தது யார்? அமைப்பின் சட்ட நிறுவனம் என்றால், அறிக்கை வழக்கறிஞர் இரகசியம் என்று சொல்லி உங்கள் கண்ணில் படாமலே போகலாம். எழுத்துச் சுருக்கமாவது தருவார்களா? ஒரு சம்பவத்தை மட்டும் பார்க்கிறாரா, ஐந்து ஆண்டுப் பதவி உயர்வுகளையுமா? நீங்கள் தரும் சாட்சிகளோடு பேசுவாரா? முடிவெடுப்பவர் குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பரா? ஒவ்வொரு நேர்காணலுக்குப் பிறகும் நீங்கள் சொன்னதை 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் சுருக்கி அவருக்கே அனுப்பிவிடுங்கள். சம்பவத்தை மட்டும் பார்க்கும் விசாரணை எப்போதும் ‘போதிய ஆதாரம் இல்லை’ என்ற இடத்துக்குத்தான் சாய்கிறது. ஒரு சம்பவத்துக்கு ஏதாவதொரு விளக்கம் கண்டுபிடித்துவிடலாம். பதினைந்து பதவி உயர்வுகளுக்கு அது கடினம்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு: ஊதியப் படிகளை எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள், முந்தைய சம்பளத்தைக் கேட்காதீர்கள், நிர்வாக இயக்குநரைப் பற்றிய புகார் பெரிய நன்கொடையாளர் அல்லாத இரண்டு வாரிய உறுப்பினர்களிடம் நேராகப் போகும்படி வழி செய்யுங்கள். ஒருநாள் பயிற்சிக்கு ஆலோசகரை அழைப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். பயிற்சியால் சம்பளத் தாளில் ஓர் எண்ணும் மாறாது.

விலகல் ஒப்பந்தம் நீட்டப்பட்டால் அன்றே கையெழுத்திடாதீர்கள். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால் யோசிக்கக் குறைந்தது 21 நாளும், கையெழுத்திட்டபின் திரும்பப் பெற 7 நாளும் சட்டப்படி உண்டு. எந்த வயதானாலும் ஆணையத்தில் புகார் பதியும் உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது. பண இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கலாம், ஆகவே வேலைச் சட்ட வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவருக்குக் கவலை இரட்டிப்பு. பாகுபாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவரையும் காக்கிறது, ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்து நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஒப்பந்தத்தில் வேலை முடியும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கலாம். அந்த நாட்களுக்குச் சம்பளம் வருமா, வேலை உறவு உண்மையிலேயே தொடருமா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.